தந்தி அக்கா

சிவக்கொழுந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இருக்க ஒரு கதிரை, மடியில் சுளகு, சுளகில் ஒரு பிடி சின்ன வெங்காயம். வாசலில் ஒரு பெண் வந்து நின்று தொண்டையைச் செருமியது கேட்டும் அவர் நிமிரவில்லை. அடுத்த வெங்காயத்தை எடுத்துத் தோலை நகத்தால் கிள்ளினார்.

"ஆரது?"

"நான்... அம்மா, உங்களோடை கொஞ்சம் கதைக்க வேணும்."

"கதையன் பிள்ளை. கை வேலையாய் இருக்கிறன்."

சுவரோரம் வாங்குப் பலகையில் இருந்தவர்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவாறு மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஷெல் விழுந்து மகன் செத்துப்போனான் என்று சொல்லி முடித்தாள். சிவக்கொழுந்தின் கை நின்றது. அவர் அழவில்லை.

"எந்த மகன்?"

பெண் சுவரோரம் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். சுளகு கீழே இறங்கியது. "பேரைக் கேட்டுக்கொண்டெல்லே வாறது? போ, போய்த் திரும்பி வா."

அது சோதனை. உடுவில் பக்கத்தில், சுருட்டுச் சுற்றுவதற்கென்று கட்டிய பழைய கொட்டில் ஒன்றில் நடந்துவந்த சமூகக் கல்லூரியின் சமூக சேவைப் பயிற்சியில், ஆண்டு முடிவில் வைக்கப்படும் கடைசிச் சோதனை. மழை பெய்தால் அந்தக் கொட்டிலின் சுவரிலிருந்து இப்போதும் புகையிலை வாசம் எழும். அகதி முகாம்களில் எப்படி வேலை செய்வது, தனித்துப்போன முதியவர்களை எப்படிக் கவனிப்பது, தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளோடு எப்படிப் பழகுவது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். அவற்றோடு, சாவுச் செய்தியை ஒரு வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதும் ஒரு பாடம். தொண்ணூற்று மூன்றில், போருக்குள் கிடந்த குடாநாட்டுக்கு அந்தப் பாடம் தேவைப்பட்டது.

செய்தி கேட்கிற வேடம் எப்போதும் சிவக்கொழுந்துக்குத்தான். சோதனை தொடங்குமுன் இணைப்பாளர் கனகரத்தினத்தின் பக்கம் சாய்ந்து கேட்பார்: "இண்டைக்கு எனக்கு ஆர் செத்தது?" கனகரத்தினம் வாய் திறக்கக் கூச்சப்படுகிற மனிதர். "புருசன், அக்கா" என்று மெல்லச் சொல்லுவார். "இவனும் போட்டானே" என்றபடி சிவக்கொழுந்து சுளகை மடியில் வைத்துக்கொள்வார். வாழ்க்கையில் அவருக்குப் புருசனும் இருந்ததில்லை, பிள்ளையும் இருந்ததில்லை.

ஏன் வெங்காயம் என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும். "சாவு வரப்போகுதெண்டு ஆரும் கையைக் கட்டிக்கொண்டு குந்தி இருக்கிறேல்லை. ஏதோ ஒரு வேலையிலைதான் இருப்பினம்."

அவர் கீரிமலையில் பிறந்தவர். பக்கத்து ஊர் உப தபாற்கந்தோரில் நரை விழும்வரை வேலையில் இருந்தவர். தந்திகள் ஆங்கிலத்தில் வரும். வாசிக்கத் தெரியாதவர்கள் அதைத் திருப்பி அவரிடமே நீட்டுவார்கள். அவர் கந்தோர்ச் சாளரத்துக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று தமிழில் சொல்லுவார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்தான் தந்தி அக்கா. ஒருநாள், தந்தி வந்து மேசையில் கிடக்கையில், அதற்குரிய கமக்காரர் முத்திரை வாங்க வந்துவிட்டார். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், அந்த மனிதர் தன் கன்றுக்குட்டியைப் பற்றிச் சொன்ன பகிடிக்கு இவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, பிறகுதான் தாளை எடுத்தார். கொழும்பில் தம்பி காலமாகியிருந்தான். கமக்காரர் நெடுநேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சிரிச்சுக்கொண்டெல்லோ நிண்டனி, பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

தொண்ணூறில் சண்டை மூண்டு கீரிமலை ஆட்கள் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டபோது அவரும் வெளிக்கிட்டார். உடுவிலில் ஒரு வீட்டின் பின்பக்க அறை வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்காரர் நல்லவர்கள், கிணற்றடியில் கண்டால் சிரிப்பார்கள். சகோதரம் இல்லை. பெற்றவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். ஒன்றுவிட்ட உறவுகள் எந்த நாட்டில் என்பதே அவருக்குச் சரியாகத் தெரியாது.

பயிற்சியை மேற்பார்வை செய்ய ஓர் ஆலோசனைக் குழு வைத்தபோது, பொதுமக்கள் சார்பில் ஒருவர் வேண்டுமென்று அவரைக் கேட்டார்கள். அப்போது வாங்கு நிறைய ஆட்கள். பிறகு டொக்டர் லண்டனுக்குப் போனார், சட்டத்தரணி கொழும்போடு நின்றுவிட்டார், வங்கி முகாமையாளருக்கு இடமாற்றம் கிடைத்தது. எஞ்சியவர்கள் தலைவர் இராசநாயகம் மாஸ்டரும், சிமியோன் பாதரும், சிவக்கொழுந்தும். மற்ற இருவரும் அறிக்கைகளை வாசித்துத் தலையாட்டுவார்கள். சிவக்கொழுந்து முழுவதையும் கேட்டுவிட்டு, "அது சரி, ஆர் போய்ப் பாத்தது?" என்பார். பதில் வராவிட்டால் அடுத்த நாள் சேலையைச் செருகிக்கொண்டு சைக்கிளில் அவரே முகாமுக்குப் போய்ப் பார்ப்பார். அவருடைய சைக்கிளைக் கண்டால் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் கொப்பிகளைத் தேடுவார்கள்.

செய்தி சொல்வதற்கு அவர் வைத்த விதிகள் குழுவின் விதிகளாகிவிட்டன. இருவராகப் போக வேண்டும். "ஒரு சின்னப் பிரச்சினை" என்று இழுக்காமல் "செத்துப்போனார்" என்று சொல்ல வேண்டும். சொல்லுமுன் அந்த வீட்டில் ஒரு மிடறு தண்ணீரும் குடிக்கக் கூடாது. இந்த மூன்றாவதில் அவர் இம்மியும் அசையமாட்டார். "நீ குடிச்சுப்போட்டுச் சொன்னால், அவன் செத்துக்கிடக்க உனக்கு அடுப்பு மூட்டினதெல்லே அவளின்ரை நெஞ்சிலை நிக்கும்?"

அந்த ஆண்டு கௌசலா என்ற பெண் அதில் விழுந்தாள். அவளும் கீரிமலைப் பக்கத்தவள், முகாமிலிருந்துகொண்டே படித்தவள். சோதனையில் சிவக்கொழுந்து வேண்டுமென்றே ஒரு தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும் நீட்டினார். கௌசலா வாங்கினாள். பாதி குடித்தாள். பிறகு தம்ளரை வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சரியான பெயரோடு, சரியான சொல்லில் சொன்னாள்.

"ஏன் குடிச்சனி?"

"ஆசையாய்த் தந்தனீங்கள் அக்கா. தட்ட மனம் வரேல்லை."

குழு தனியே கூடியது. "நல்ல பிள்ளை. முகாமிலை ராப்பகலாய் நிண்டு வேலை செய்யிறது" என்றார் இராசநாயகம் மாஸ்டர்.

"நல்ல பிள்ளைதான் மாஸ்டர். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் குடிச்சுப்போட்டுது."

குழு ஒருமித்துச் சம்மதித்தால்தான் சான்றிதழ். கௌசலா அடுத்த ஆண்டு திரும்பவும் சோதனைக்கு வரவேண்டுமென்று தீர்மானமானது. அவள் அழுததாகக் கனகரத்தினம் பிறகு சொன்னார். "அழட்டும். பிறத்தியாரை அழவைக்கப்போற பிள்ளைதானே" என்று சிவக்கொழுந்து சைக்கிளை எடுத்தார்.

புதிய அணி தொடங்குமுன் ஒரு காலையில் கனகரத்தினம் அவருடைய அறை வாசலில் வந்து நின்றார். குடாநாட்டுக்குப் போய்வர ஆட்கள் இரவில் கடக்கும் கிளாலிக் கடலில் படகொன்று சுடுபட்டிருந்தது. அதில் வந்த நமசிவாயம் என்ற புத்தூர்க் கமக்காரரின் உடல் கரை சேர்ந்துவிட்டது. வீட்டில் மனைவி மகாதேவி தனியே. பயிற்சி பெற்ற பிள்ளைகளில் ஒருவரும் பக்கத்தில் இல்லை.

"இருவராய்ப் போகவேணும் எண்டது உங்கடை விதிதானே, அக்கா."

வழியெல்லாம் அவர் சொல்லவேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே சைக்கிள் மிதித்தார். நமசிவாயம். நமசிவாயம் செத்துப்போனார். இத்தனை ஆண்டுகள் கேட்டுக்கேட்டுத் தேய்ந்த வசனம், தன் வாயிலிருந்து வரும்போது யாரோ புதியவரின் குரல்போல இருந்தது.

செம்மண் தோட்டத்தை ஒட்டிய சிறிய வீடு. மகாதேவி பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றார். படலையில் இருவரைக் கண்டதும் மண்வெட்டியை மெல்லச் சாத்திவிட்டு வந்தார்.

"வாங்கோ. வெயிலுக்கை வந்திருக்கிறியள். இருங்கோ, தேத்தண்ணி வைக்கிறன்."

"வேண்டாம் பிள்ளை. நாங்கள் உங்களுக்கு ஒண்டு சொல்ல வந்தனாங்கள்..."

"இருங்கோ எண்டெல்லே சொல்லுறன்!"

குரல் கீச்சிட்டது. அவர் குனிந்து உள்ளே போய்விட்டார். அடுப்பை ஊதுகிற சத்தம் கேட்டது. ஊதி, நிறுத்தி, மறுபடியும் ஊதுகிற சத்தம். கனகரத்தினம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகாதேவி இரண்டு தம்ளர்களோடு வந்தார். நீட்டிய கை மடங்கவில்லை.

"முதல் குடியுங்கோ."

சிவக்கொழுந்து நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தார். மகாதேவிக்குப் படலையிலேயே விளங்கிவிட்டது. இந்தத் தம்ளர் காலியாகும்வரை நமசிவாயம் வந்துகொண்டிருக்கிறார். அவ்வளவுதான் அந்த மனுசி கேட்டது.

அவர் வாங்கிக் குடித்தார். அவசரப்படவில்லை. அடியில் கிடந்த தூளுக்கு வரும்வரை, மிடறு மிடறாகக் குடித்தார். மகாதேவி எதிரே நின்று, குழந்தைக்குச் சோறு தீத்துகிறவள்போல ஒவ்வொரு மிடறையும் பார்த்தார். பிறகு தம்ளர்களை வாங்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவினார், கவிழ்த்து வைத்தார், ஈரக்கையைச் சேலையில் துடைத்தார், வந்து நிலத்தில் இருந்தார்.

"இப்ப சொல்லுங்கோ."

சிவக்கொழுந்து பக்கத்தில் இருந்து, பெயரோடு சொன்னார். அன்று இனசனம் வந்து சேரும்வரை மகாதேவியின் தலை அவர் தோளில் கிடந்தது. ஒரு மனிதத் தலைக்கு இவ்வளவு பாரம் இருக்குமென்று அவருக்கு அதுவரை தெரியாது.

அடுத்த கூட்டத்தில் அவர் முந்திக்கொண்டு பேசினார். "கௌசலாவுக்குக் குடுத்துவிடுங்கோ மாஸ்டர். அந்த மூண்டாவது விதியையும் எடுத்துப்போடுங்கோ."

"ஏன், என்ன நடந்தது?"

"எனக்குத் தெரிஞ்சது கம்பிக்கு இந்தப் பக்கத்து வேலை. வீட்டுக்கை போய் இருக்கிறது வேறை."

எல்லாரும் சம்மதித்தார்கள். ஆனால் கௌசலாவின் முகாமுக்கு அவர் தேடிப்போனபோது, அவள் இருந்த மூலையில் வேறொரு குடும்பம் பாய் விரித்திருந்தது. தாயோடு கிளாலி தாண்டிப் போய்விட்டாளாம். வவுனியாவோ, அதற்கு அங்காலையோ, ஒருவருக்கும் நிச்சயமில்லை. "நல்ல பிள்ளை, போகேக்கை எல்லாரிட்டையும் சொல்லிப்போட்டுத்தான் போனது" என்றாள் பாயில் இருந்தவள். சிவக்கொழுந்து, "ஓம், நல்ல பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். போகிற வழியில் இரண்டு தரம் இறங்கி, காற்றுப் போகாத டயரை அமுக்கிப் பார்த்தார்.

செய்தி சொன்ன வீட்டைப் பிறகும் போய்ப் பார்க்க வேண்டுமென்று பாடத்தில் இருந்தது. அந்தச் சாட்டில் அவர் ஞாயிறுகளில் புத்தூருக்குப் போனார். பாடத்தில் சொன்ன காலம் முடிந்த பிறகும் போனார். இருவரும் அதிகம் கதைப்பதில்லை. மகாதேவி களை பிடுங்குவார், இவர் வரம்பில் இருந்து மண்ணைத் தட்டிப் பனையோலைக் கடகத்தில் போடுவார். வெயில் தணியத் தொடங்கினால், "வாறன் பிள்ளை" என்று எழும்பிவிடுவார். ஒருநாளும் பொழுதுபட நின்றதில்லை.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் மகாதேவி படலைவரை கூடவந்தார்.

"அக்கா, ஒண்டு கேட்டால் கோவியாதையுங்கோ."

"கேள்."

"உங்களுக்கு ஏதும் ஒண்டெண்டால், நாங்கள் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?"

சிவக்கொழுந்து வாயைத் திறந்தார். வீட்டுக்காரியின் பெயர் வந்தது, அதைச் சொல்லவில்லை. கனகரத்தினத்தின் பெயர் வந்தது, அதையும் சொல்லவில்லை.

சிவக்கொழுந்து பெடலில் வைத்த காலை எடுத்தார். சைக்கிளைத் திருப்பிப் படலைக்குள் உருட்டிக்கொண்டு போய், வீட்டுச் சுவரோடு சாத்திவிட்டுப் பூட்டுப் போட்டார்.