அடையாறு வரை போய்த் திரும்பிய பட்டன் போன்

மயிலாப்பூரில் நான் ஒரு சின்ன மெஸ் நடத்துகிறேன். உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது. கேரியரில் கட்டி வீடுகளுக்கு அனுப்புவதோடு சரி. மாட வீதிகளைச் சுற்றித் தனியாக இருக்கும் பெரியவர்கள்தான் வாடிக்கை. இத்தனை வருடமும் ஆர்டர் எடுத்தது ஒரு பட்டன் போனில். காலையில் ஒரு ரிங் விட்டு வைத்துவிட்டால் அன்றைக்கு மதியம் சாப்பாடு வேண்டும் என்று அர்த்தம். ரிங் வராவிட்டால் வேண்டாம். அவர்களுக்குக் காசு மிச்சம், எனக்கு வாய் மிச்சம்.

போன மாதம் புது போன், புது நம்பர், மெசேஜில் ஆர்டர் என்று மாறினேன். எல்லோருக்கும் தகவல் அனுப்பிவிட்டுப் பழைய போனை அணைத்து டிராயரில் போட்டேன். ஒருவருக்கு மட்டும் மெசேஜ் போகாது. வடக்கு மாட வீதி பக்கத்துச் சந்தில், மாடி வீட்டில் தனியாக இருக்கும் ரிட்டயர்டு பாங்க்காரர். அவரிடம் இருப்பது லேண்ட்லைன். காதும் கேட்காது. நம்பரைப் போட்டு, மனசுக்குள் பத்து எண்ணி, ரிசீவரை வைத்துவிடுவார். அவருக்கு நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். சாயங்காலம் போகலாம் என்று நினைத்தேன். சுத்தமாக மறந்துபோனேன்.

மறந்ததற்கு வேலை மட்டும் காரணமில்லை. அவர்மேல் எனக்குக் கடுப்பு. தினமும் ஒரு குறை. டெலிவரி செய்யும் தம்பி கேரியரைத் திருப்பிக் கொண்டுவரும்போதே ஆரம்பிப்பான். "அக்கா, தாத்தா ரசத்துல உப்பு கம்மியா கீதுன்றாரு." கடைசியாக ஒருநாள் அடுப்படிப் புழுக்கத்தில் கத்திவிட்டேன். "புடிக்கலன்னா வேற எடம் பாத்துக்கச் சொல்லு." அவன் எதையும் கூட்டிக் குறைத்துச் சொல்லத் தெரியாதவன்.

அந்த வாரம் என் கவனமெல்லாம் பழைய போன்கள்மேல் இருந்தது. டெலிவரிக்கு வாங்கி ஓய்ந்துபோனவை, பட்டன் போனோடு சேர்த்து ஒரு டப்பா நிறைய. குப்பையில் போடக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். உயிருள்ள ஒன்றை டெலிவரித் தம்பியின் மகள் படிக்கக் கொடுத்தேன். இன்னொன்றை அடுப்படியில் கேமராவாக மாட்டினேன். மற்றதை தி.நகரில் எக்ஸ்சேஞ்சுக்குக் காட்டியபோது கடைக்காரர் சிரித்துவிட்டார். சரி என்று அடையாறில் மின்கழிவு வாங்கும் இடத்துக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன். பெரிய காரியம் செய்கிற நினைப்பு எனக்கு.

அங்கிருந்த பெண், "உள்ள இருக்கறதை எல்லாம் அழிச்சிட்டுக் குடுங்க மேடம்" என்றாள். பட்டன் போனை ஆன் செய்தேன். நான் மெனுவைத் தேடுவதற்குள் அது கிணுகிணு என்று ஆரம்பித்தது. போன் அணைந்திருந்தபோது யாரெல்லாம் கூப்பிட்டார்கள் என்று கம்பெனி அனுப்பும் மெசேஜ்கள். எல்லாம் ஒரே நம்பர். ஒரே லேண்ட்லைன். எல்லாம் காலை நேரம்.

பெரியவருக்குச் சாப்பாடு போகிறதா என்று கேட்கத் தம்பிக்குப் போன் போட்டேன். "லிஸ்ட்ல வரலியேக்கா. திருவான்மியூருக்குப் பொண்ணு வூட்டுக்குப் போய்ட்டாருன்னு நென்ச்சுக்கினேன்."

நேராக அவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். கேட்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினேன். மெதுவாக வந்து திறந்தார். மேஜைமேல் பிரெட் பாக்கெட், கறுத்த வாழைப்பழம். என்னைப் பார்த்ததும் அவசரமாகத் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"வாங்கோ, வாங்கோ. கோவம் போயிடுத்தா?"

பையிலிருந்து பட்டன் போனை எடுத்துக் காட்டினேன்; அவர் கவனிக்காமல் தொடர்ந்தார்.

"உப்பு கம்மின்னு தெனம் சொன்னது என் தப்புதான். வேற எடம் பாத்துக்கோன்னு சொல்லிட்டேளாம். இருந்தாலும் மனசு மாறுவேளோன்னு விடாம ரிங் விட்டுண்டிருந்தேன்."

போன் மாறிவிட்டது, கோபமே இல்லை, மறந்துபோனது என் தப்பு என்று அவர் காதருகில் தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். தலையை ஆட்டினார். எவ்வளவு கேட்டது என்று தெரியவில்லை.

பட்டன் போன் இப்போது அரிசி டிரம் பக்கத்தில் சார்ஜரோடு கிடக்கிறது, அவர் ஒருவருக்காக. காலையில் ரிங் வருகிறது, நிற்கிறது. சாப்பாடு போகிறது. குறை மட்டும் வருவதில்லை.

நேற்று ரசத்தில் உப்பே போட மறந்துவிட்டோம். மதியம் முழுக்கப் புது போனில் எல்லோரும் பிடி பிடி என்று பிடித்துவிட்டார்கள். சாயங்காலம் தம்பி கேரியர்களோடு வந்ததும் முதலில் அவரைப் பற்றித்தான் கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலக்கா. பேஷா இருந்துதுன்னு அக்காகிட்ட மறக்காம சொல்லுன்னாரு."

ரசக் கிண்ணத்தைத் திறந்து பார்த்தேன். குடித்து, கழுவி அனுப்பியிருந்தார்.