சீனியம்மாவும் மேஜரின் செங்கல்லும்

யுத்த காலத்தில் எங்கள் கொட்டாஞ்சேனை உபமின்நிலையத்துக்குப் பாதுகாப்பு ஏற்பாடுகள் ஏராளம். ஒன்பதடி மதில், அதன்மேல் சுருள் சுருளாக முட்கம்பி, வாசலில் மண் நிரப்பிய தார்ப்பீப்பாக்கள், இரண்டு காவலரண்கள், வருகிற வாகனங்களின் அடிவயிற்றைப் பார்ப்பதற்குத் தடியில் கட்டிய கண்ணாடி. இவை எல்லாவற்றையும்விட உருப்படியாக வேலை செய்த ஏற்பாடு ஒன்றும் இருந்தது. அதற்கு வயது ஐம்பதுக்கு மேல், உயரம் ஐந்தடிக்குக் கீழ், கையில் விளக்குமாறு, வாயில் எந்நேரமும் வெற்றிலை. பெயர் சீனியம்மா.

பெயர் சீனியம்மா என்று இன்றைக்கு வலு சுலபமாக எழுதிவிட்டேன். 1997ஆம் ஆண்டில் இந்த ஒரு சொல்லை ஒரு தாளில் எழுத எனக்கு மூன்று கிழமை பிடித்தது. அந்தக் கதைதான் இது.

மின்நிலைய முற்றம் முழுக்க உடைத்த கருங்கல் பரப்பியிருக்கும். புல் முளைக்கக் கூடாது, ஈரம் நிற்கக் கூடாது, நடக்கிறவன் காலில் மின்சாரம் ஏறக் கூடாது என்பதற்காக. ஆனால் புல்லுக்குச் சட்டம் தெரியாது, கல்லுக்குள்ளாலும் முளைக்கும். அதை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டுக் கல்லை மட்டமாக இழுத்து விடுவது சீனியம்மாவின் வேலை. இழுத்து விட்ட கல்லில் ஒருவன் கால் வைத்தால் தொலைந்தான். நிலத்தில் வெட்டிய, கேபிள் போகும் கான்களை மூடியிருந்த கொங்கிறீற் மூடிகளின் மேல்தான் நாங்கள் எல்லோரும் வரிசையாக நடப்போம். எஞ்சினியர்மாரும் அப்படித்தான். படித்தவர்கள் என்று சீனியம்மா அவர்களுக்குச் சலுகை காட்டியதில்லை.

நான் அங்கே ஷிப்ட் ஒப்பரேட்டர். ஊர் யாழ்ப்பாணம், வீடு வெள்ளவத்தையில் வாடகைக்கு எடுத்த இரண்டு அறை. மீற்றர்களைப் பார்த்துக் குறிப்பெழுதுவதோடு, நாட்கூலிக்காரரின் வரவுப் புத்தகத்தைக் கவனிப்பதும் என் தலையில் விழுந்திருந்தது. அந்தப் புத்தகத்தில் ஒரேயொரு பெண்ணின் பெயர் இருந்தது. அது சீனியம்மா அல்ல, மயிலம்மா.

மயிலம்மா சீனியம்மாவின் அக்கா. ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து முதலில் கொழும்புக்கு வந்து இந்தப் புல்லுப் பிடுங்கும் வேலையைப் பிடித்தவர் அவர்தான். பிறகு, தோட்டத் தமிழரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தத்தின்படி, அவருக்கும் போகக் கடதாசி கிடைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை அக்கா கப்பலுக்குப் போனார், திங்கட்கிழமை தங்கச்சி விளக்குமாற்றோடு வந்து நின்றார். புல் பிடுங்குவதற்குக் கை இருந்தால் போதும், பெயர் எதற்கு என்று அன்றைய மேற்பார்வையாளர் நினைத்திருக்க வேண்டும். கைநாட்டு வைத்தால் புத்தகத்தில் மை அப்பும் என்று 'மயிலம்மா' என்று கையெழுத்துப் போடவும் அவரே சொல்லிக் கொடுத்தார். இருபது வருஷம் சீனியம்மா அழகாக மயிலம்மா என்று எழுதினார். அங்கே வேலை செய்த எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் ஒன்பது வருஷமாகத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் மேஜர் வந்தார். இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற மனிதர். மின்நிலையங்களின் பாதுகாப்பைப் பார்க்கத் தலைமையகம் நியமித்திருந்தது. ட்ரான்ஸ்போமரைத் தூரத்திலிருந்து சுட்டால் எண்ணெய் கொட்டி எரியும் என்று முதற்கிழமையே கண்டுபிடித்து, இரண்டாம் இலக்க ட்ரான்ஸ்போமரைச் சுற்றி ஒரு தடித்த சுவர் எழுப்பி வெள்ளையும் அடிப்பித்தார். நல்ல மனிதர்தான். ஆனால் ஒவ்வொருவரும் நம்பத்தகுந்தவர் என்று நிரூபிக்கப்படும் வரை அவரை நித்திரை கொள்ள விடாத ஒரு வியாதி அவருக்கு இருந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை, நீலச் சீருடையும் மஞ்சள் தலைக்கவசமும் போட்ட ஒருவன் வாசலில் பாஸைக் காட்டினான். காவலுக்கு நின்ற கோப்ரல் பண்டார பாஸைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், ஆளைப் பார்த்தான், உள்ளே விட்டான். வந்தவன் புதுச்சுவரை நோக்கிக் கல்லின்மேல் கால் வைத்து நடந்தான். நாலாவது அடியில் விளக்குமாறு அவன் முழங்காலில் விழுந்தது.

"யாருடா நீ? மூடி மேல நடக்கத் தெரியாதவன் எங்க ஆளாடா?" என்று தமிழில் ஒருதரமும், சிங்களத்தில் அதைவிடக் காரமாக இன்னொருதரமும் கேட்டு, அவனுடைய பையைப் பறித்துக் கொண்டார் சீனியம்மா.

பைக்குள் ஒரு செங்கல் இருந்தது. அதில் ஒட்டிய தாளில் 'குண்டு' என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. தமிழில் இல்லை. செங்கல்லில் இடம் போதாமல் போயிருக்கலாம்.

மேஜர் வாசலுக்கு வெளியே நின்ற ஜீப்பிலிருந்து கைதட்டிக்கொண்டு இறங்கினார். அது அவர் வைத்த பரீட்சை. அவருடைய போலிப் பாஸும் போலிச் சீருடையும் முழுக் காவலையும் தாண்டிப்போய் ஒரு விளக்குமாற்றில் முறிந்துவிட்டன. பண்டாரவின் முகம் தொங்கிப்போனது. மேஜர் அன்றே தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்பினார்: விழிப்புள்ள ஊழியர் ஒருவர் ஊடுருவலை முறியடித்தார் என்று. மறுநாள் அந்த ஊழியருக்குப் பாராட்டுக் கடிதம் கொடுக்க விரும்பி, முழுப்பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கேட்டார்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது அங்கேதான்.

சீனியம்மாவிடம் அடையாள அட்டை இல்லை, எடுத்ததே இல்லை. சரி, மயிலம்மாவின் கோப்பையாவது கொண்டுவா என்றார் மேஜர். கோப்பு வந்தது. உள்ளே, இந்தியாவுக்குப் போவதால் வேலையிலிருந்து விலகுகிறேன் என்று மயிலம்மா 1977இல் கொடுத்த கடிதம் பத்திரமாக இருந்தது. ஒரு மேசை லாச்சிக்குள் கிடந்த கோப்பு அவர் போய்விட்டார் என்றது, மற்ற லாச்சிக்குள் கிடந்த வரவுப் புத்தகம் அவர் நேற்றும் வேலைக்கு வந்தார் என்றது. இரண்டு லாச்சியும் இருபது வருஷம் ஒன்றோடொன்று கதைக்காமல் இருந்திருக்கின்றன.

எங்களை மேஜரின் அறைக்குள் கூப்பிட்டார்கள். கதிரையில் மேஜர், கதவடியில் துவக்கோடு பண்டார, நடுவில் சீனியம்மா, ஓரமாக நான். வேறொருத்தியின் பெயரில், அட்டை இல்லாத ஒரு தமிழ்ப் பெண், பாதுகாக்கப்பட்ட இடத்துக்குள் இருபது வருஷம். மேஜர் இதைச் சத்தம் போடாமல் சொன்னார், அதுதான் பயமாக இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வரவு போடுவது நீர். உமக்கு இது தெரியுமா?"

நான் வாயைத் திறக்க முன்னம் சீனியம்மா முந்திக்கொண்டார்.

"ஐயாவுக்கு என்னா தெரியும் தொர? எந்நேரமும் மீட்டரப் பாத்துக்கிட்டே இருக்கிற மனுசன். ஆளுங்க மூஞ்சியப் பாக்கிறதே இல்லீங்க."

இதைச் சிங்களத்திலும் ஒருதரம் சொன்னார். மேஜர் என் முகத்தைப் பார்த்தார். அங்கே இருந்த அசட்டுக் களை அவருக்குப் போதுமான சாட்சியாக இருந்திருக்க வேண்டும்.

நான் பேசவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னர்தான் வெள்ளவத்தைச் சுற்றிவளைப்பில் என்னைப் பிடித்துக்கொண்டுபோய், கொழும்பில் தங்குகிற தமிழர் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு கையில் இருந்தும் மத்தியானம் வரை நிலத்தில் இருத்தி வைத்திருந்தார்கள். ஒரு தமிழனுக்கு இன்னொரு தமிழன் சாட்சி என்றால் இரண்டு பேரும் உள்ளே என்பது அந்தக் காலத்துக் கணக்கு. எனக்குப் பயம், அவ்வளவுதான். சீனியம்மா விளக்குமாற்றை மதிலோடு சாத்தி வைத்துவிட்டு, கொங்கிறீற் மூடிகளின் மேலாகவே நடந்து வாசலுக்கு வெளியே போனார்.

அன்றிரவு வீட்டில் செங்கல் கதையைப் பகிடியாகச் சொன்னேன். என் மனைவி கௌரி செங்கல் வரைக்கும் சிரித்தாள்.

"மேஜர் உங்களைக் கேக்க நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான் ஒண்டும் சொல்லேல்ல."

"அதைத்தான் கேக்கிறன்," என்றாள் கௌரி. பிறகு சோற்றைப் போட்டுவிட்டு வானொலியைத் திருகினாள். மூன்று கிழமைக்கு அந்த வீட்டில் வானொலிதான் கூடுதலாகக் கதைத்தது.

மின்நிலையத்தில் புல் முளைத்தது. எல்லோரும் கல்லின்மேல் நடக்கத் தொடங்கினார்கள். நான் மட்டும் மூடிகளின் மேலே நடந்தேன், ஏதோ அதனால் பாவம் கழியும் என்பதுபோல. கழியவில்லை. மூன்றாம் கிழமை, கொட்டாஞ்சேனைச் சந்துக்குள் சீனியம்மாவின் ஒற்றை அறையைத் தேடிப் போனேன்.

"வாங்கையா! மீட்டரெல்லாம் ஒழுங்கா ஓடுதுங்களா?" என்றார்.

"சீனியம்மா, வெளிக்கிடுங்கோ. சத்தியக்கடதாசி முடிச்சால் அடையாள அட்டைக்குப் போடலாம். உங்களைத் தெரிஞ்ச ஒராள் கையெழுத்து வைக்கோணுமாம்."

"யாரு வைப்பா?"

"நான்தான்."

சீனியம்மா வெற்றிலையைத் துப்பினார். "ஐயா, ஒங்களுக்குப் புள்ளகுட்டி கெடைக்க வேண்டிய வயசு. யோசிச்சுச் செய்யுங்க," என்றார். இதை மட்டும் பகிடியாகச் சொல்லவில்லை.

சமாதான நீதவான் சந்து முனையிலேயே இருந்தார், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தேடுகிற கிழவர். இந்தப் பெண்ணைச் சீனியம்மா என்ற பெயரில் எவ்வளவு காலமாக அறிவீர் என்று கேட்டார். ஒன்பது வருஷம் என்று எழுதினேன். வரவுப் புத்தகத்தில் ஒன்பது வருஷம் நான் பொய்க்கு ஒப்பம் வைத்தேன் என்பதும் அதே எழுத்துத்தான்.

"இப்ப நீங்க கையெழுத்து வைங்கம்மா," என்றார் நீதவான்.

சீனியம்மா பேனையை வாங்கி, நிமிர்ந்து இருந்து, ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதினார்: மயிலம்மா.

நீதவான் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. சீனியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "கையி அதுதாங்க பழகிருச்சு. எம்பேரு எழுத யாரும் கேட்டதில்லீங்களே," என்றார். அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதி, பெருவிரலில் மை பூசி வைத்தோம்.

அந்தத் தாளின் பிரதியொன்று மேஜருக்குப் போனது. என்னைக் கூப்பிட்டார்.

"ஒன்பது வருஷமா?"

"ஓம் சேர்."

"அப்படியென்றால் அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?"

"பயந்துபோனேன் சேர்."

மேஜர் பிரதியை மடித்து வைத்தார். மதிலில் எங்கே ஓட்டை என்று இவ்வளவு நாளும் தேடினேன், அது கட்டுப்பாட்டறைக் கதிரையில் இருந்திருக்கிறது என்றார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கிடைத்தது. எனக்கு வரவேண்டிய பதவி உயர்வைப் பிறகு அந்தக் கடிதம் விழுங்கிவிட்டது. சீனியம்மாவைத் திருப்பி எடுத்தார்கள். மேஜரின் மனம் இளகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் விழிப்புள்ள ஊழியர் பற்றிய அறிக்கையைத் தலைமையகம் எல்லா மின்நிலையங்களுக்கும் அனுப்பிவிட்டிருந்தது, வீராங்கனையை வேலையிலிருந்து கலைத்துவிட்டோம் என்று இனி எழுத முடியாது. நாலு மாதத்தில் அட்டையும், படம் போட்ட பாஸும் வந்தன. படத்தில் வெற்றிலை இல்லாததால் பண்டாரவுக்கு ஆளை அடையாளம் காணக் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பின் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அபாயமணி அடித்தது. வாசல் கேற்றைப் பூட்டினார்கள். எல்லோரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டார்கள். ட்ரான்ஸ்போமரைச் சுற்றிய வெள்ளைச் சுவரின் உட்பக்கத்தில், சிவப்பு நிறத்தில், மேலிருந்து கீழாகத் தமிழ் எழுத்துகள். பண்டார துவக்கைச் சுவருக்கே நீட்டிக்கொண்டு நின்றான்.

"வாசியும்," என்றார் மேஜர் என்னிடம்.

"சீனியம்மா," என்று வாசித்தேன்.

"அடுத்த வரி?"

"சீனியம்மா."

"அதற்கடுத்தது?"

பதினொரு வரியையும் வாசிக்க வைத்தார். பதினொன்றும் சீனியம்மா. முதல் மூன்று வரியும் ஊர்ந்து திரிந்தன, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து, கடைசி வரி வடிவாக நின்றது. சுவரின் அடியில் எழுதுகோல் கிடந்தது. குண்டு என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெயர் பெற்ற அந்தச் செங்கல்லின் பாதி. அதை ஒருவரும் திருப்பிக் கேட்காததால் சீனியம்மாவே வைத்துக்கொண்டார்.

பாதுகாப்புச் சுவரில் கிறுக்குவது குற்றம் என்றார் மேஜர். பிறகு, அறைக்குள் கேட்ட அதே குரலில், என்னைக் கேட்டார்: "உமக்கு இது தெரியுமா?"

பைப்படியிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்த சீனியம்மா வாயைத் திறந்தார். "ஐயாவுக்கு என்னா தெரியும் தொர..."

"தெரியும் சேர்," என்றேன் நான். "ஒரு கிழமையாகத் தெரியும். இவ மத்தியானத்தில் எழுதிப் பழகினவ. மூன்றாம் வரி வரைக்கும் 'னி' கோணலாக வந்தது. திருத்திச் சொன்னது நான்தான்."

மேஜர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சீனியம்மா திறந்த வாயை மூடி, வெற்றிலையை மற்றக் கன்னத்துக்கு மாற்றினார். அவருடைய கண் கலங்கியிருந்தது என்று நான் சொன்னால் இன்றைக்கும் மறுப்பார்.

பிறகு அவர் குனிந்து எங்கள் கால்களைப் பார்த்தார். காலையில்தான் இழுத்து மட்டம் பார்த்து விட்ட கல்லின்மேல் பதினாலு பேர் நின்றுகொண்டிருந்தோம்.

"என்னா எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? மூடி மேல ஏறுங்க!" என்று விளக்குமாற்றை எடுத்தார்.

மேஜர்தான் முதலில் ஏறினார்.