பால் காய்ச்சப் போன பிக்கப்

எனக்குப் பொறுமை கிடையாது. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்கிற ஆள் என்று என் மனைவி முப்பது வருஷமாகச் சொல்லிவருகிறாள். அவளுக்கு நுரையீரல் கெட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அந்தப் பேச்சு மட்டும் குறையவில்லை.

போன தை மாசம் வாடிப்பட்டியில் அவள் தம்பி வீடு கட்டி முடித்தான். புது வீட்டில் கூடப்பிறந்தவள்தான் பால் காய்ச்ச வேண்டும். அவனுக்கு இவள் ஒருத்திதான் அக்கா. போயே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். நாங்கள் இருக்கும் கோச்சடையிலிருந்து முக்கால் மணி நேரம். ஆக்சிஜன் கொடுக்கும் மெஷினோ கரண்ட்டில் ஓடுவது. புது வீட்டுக்கு மின் இணைப்பு இன்னும் வரவில்லை. கரண்ட் போனால் உதவும் என்று வைத்திருந்த சின்ன சிலிண்டர் ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது. என்னிடம் வாழைத்தார் ஏற்றும் பிக்கப் ஒன்று உண்டு. அதன் பேட்டரியில் இன்வெர்ட்டரை மாட்டி மெஷினை ஓட்டிவிடலாம் என்று இறங்கிவிட்டேன்.

முதலில் நானே செய்தேன். வீட்டில் கிடந்த வயரை இழுத்து, முறுக்கி, டேப் சுற்றினேன். செல்போன் சார்ஜ் ஏறியது. அப்பாடா என்று மெஷினைச் சொருகினேன். அரை நிமிஷம் ஓடியிருக்கும். இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. வயரைத் தொட்டால் சுடுகிறது, மேல்தோல் கொழகொழவென்று இளகிவிட்டது. சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள், வண்டியைக் கொளுத்திவிட்டு நடந்தே போகலாமா என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் ஸ்பானரை வாசலில் விட்டெறிந்தேன்.

காளவாசல் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் இருக்கிறார். என்னைவிட இளையவர், நிதானமான மனிதர். நான் போட்ட வயரைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணே, இது ஹாரனுக்குப் போடுற வயரு. இந்த மெஷினு பேட்டரியில இருந்து முப்பத்தஞ்சு ஆம்பியர் இழுக்கும். இம்புட்டுக் கரண்ட்டு இதுல எப்படிண்ணே போகும்?"

கட்டைவிரல் தடிமனுக்கு செம்புக் கேபிள் போட்டார். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ். கேபிள் தகரத்தைத் துளைத்து உள்ளே வரும் இடத்தில் உரசாமலிருக்க ரப்பர் வளையம். எர்த் வயரையும் வண்டியின் பாடியில் கொடுக்காமல் பேட்டரிக்கே கொண்டுபோனார். நான்கு நாள் ஆனது. நான்கு நாளும் அவர் தலைமாட்டில் நின்று உயிரை எடுத்தேன். முடிந்ததும் ஒரு மணி நேரம் மெஷினை ஓட்டிக் கேபிளைத் தடவிப் பார்த்தேன். குளிர்ந்தே இருந்தது. சந்தோஷத்தில் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

ஒன்பது மணிக்கு முகூர்த்தம். பச்சைப் பட்டில், மூக்கில் குழாயோடு, முன்சீட்டில் ராணி மாதிரி வந்தாள். சமயநல்லூர் தாண்டும்வரை இன்வெர்ட்டரை எட்டியெட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ரோட்டைப் பாருங்கள் என்றாள். புது வீட்டு வாசலில் இன்ஜினை ஓடவிட்டு, மெஷினை ஹாலுக்குத் தூக்கிப்போய், வண்டியிலிருந்து நீள வயர் இழுத்து ஓடவைத்தேன். சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு வந்து மெச்சினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தம்பி பெண்டாட்டி பால் பானையைக் கேஸ் அடுப்பில் வைத்துவிட்டு, "அண்ணி, வாங்க" என்றாள்.

என் மனைவி எழுந்தாள். குழாயைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"மெஷினை நிறுத்துங்க. நெருப்புக்கிட்ட இது ஆகாது."

எனக்குத் தெரியும், ஆக்சிஜன் பக்கத்தில் இருந்தால் தீ குப்பென்று பிடித்துவிடும். ஏழு மாசமாக வீட்டில் நான்தான் சமைக்கிறேன். அந்தப் பயத்தில்தான் அவள் அடுப்படிப் பக்கமே வருவதில்லை. ஆம்பியர் ஆம்பியர் என்று அலைந்ததில், பால் காய்ச்ச நெருப்பு வேண்டும் என்பது என் மரமண்டையில் ஏறவேயில்லை. குழாய் இல்லாமல் குளியலறைக்குப் போய்வருவதற்குள்ளேயே அவள் உதடு கறுத்துவிடும்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா கூட்டிட்டு வந்திருப்பீகளா?"

மாட்டேன். மெஷினை நிறுத்தினேன். வெளியே இன்ஜின் மட்டும் வெட்டியாக ஓடிக்கொண்டிருந்தது.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் அடுப்பைப் பற்றவைத்தாள். பானை நிறையப் பால். பாவிகள், ஒரு டம்ளர் ஊற்றினால் ஆகாதா? உள்ளே போய்ப் பாதியை வேறு பாத்திரத்தில் கொட்டப் பார்த்தேன். நிறைந்து பொங்கணும், தள்ளிப் போங்கள் என்று கையாலேயே விரட்டினாள். பேச மூச்சில்லை. நான் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். தீயைக் கூட்டச் சொன்னேன். தம்பி என் தோளைப் பிடித்தான், உதறிவிட்டேன். பயமாக இருந்தது. அவள் ஒரு கையை மேடையில் ஊன்றியிருந்தாள், தோள் ஏறி ஏறி இறங்கியது.

பால் பொங்கியது. குலவை போட்டார்கள். யாரோ அடுப்பை அணைத்தார்கள். நான் மெஷினை ஓடவிட்டுக் குழாயோடு ஓடினேன்.

அவள் வரவில்லை. ஒரு டம்ளரில் பாலை மொண்டு, சீனி போட்டு, ஆற்றாமல் எடுத்துக்கொண்டு மெதுவாக என்னிடம் நடந்து வந்தாள். உதடு நாவல்பழ நிறம். பால் தளும்பி விரலில் வழிந்தது. குழாயை நீட்டினேன். வாங்கவில்லை. டம்ளரை நீட்டினாள்.

"மொதல்ல... குடிங்க."

கொதிக்கிற பாலை ஒரே மடக்கில் குடித்தேன்.