பங்குனி வரை பொறுத்த பலகைகள்

மழைநாளில் சிமெண்டுத் தரையில் வெறுங்காலை வைத்தால் சில்லென்று கடிக்கும். தேக்குப் பலகைத் தரை கடிக்காது, நம் காலின் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு நமக்கே திருப்பித் தரும். தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் அம்மா வேலை பார்த்த வீட்டு மாடி ஹாலில் அப்படி ஒரு தரை இருந்தது. அந்த வீட்டின் பின்கட்டில் எங்களுக்கு ஒரு ரூம் கொடுத்திருந்தார்கள். அப்பா இல்லாத எங்களுக்கு அதுதான் வீடு. இரண்டு தெரு தள்ளி நான் ஐந்தாம் வகுப்புப் படித்த பள்ளிக்கூடம்.

பம்பு செட் பட்டறை வைத்திருந்த முதலாளி, வால்பாறையில் ஏதோ எஸ்டேட் பங்களாவில் மரத்தரையைப் பார்த்துவிட்டு வந்து, தன் வீட்டிலும் போட்டே தீருவது என்று நின்றார். ஆறுமுக ஆசாரி பலகைகளைக் கொண்டுவந்து உடனே பதிக்காமல், இடையிடையே குச்சி வைத்து அந்த ஹாலிலேயே ஒரு மாதம் அடுக்கி வைத்திருந்தார். “ஊட்டுக் காத்து மரத்துக்குப் பழகோணுமுங்க” என்பார். சித்திரை வெயிலில் பதித்தபோது சுவரோரம் சுற்றிலும் ஒரு விரல் இடம் விட்டு, மேலே சட்டம் வைத்து மறைத்தார். மழைக்கு மரம் ஊதும், வெயிலுக்கு ஒடுங்கும், அதற்கு இடம் வேண்டுமாம். போகும்போது அம்மாவிடம், “அம்மணி, பிழிஞ்ச துணியில தொடச்சாப் போதும். பக்கெட்டு இந்தப் பக்கமே வரப்படாது” என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறு மாதம் அம்மா அப்படித்தான் துடைத்தாள்.

ஐப்பசி அடைமழையில் ஒரு வெள்ளிக்கிழமை முதலாளியம்மா மாடிக்கு வந்தார்.

“ஏன் மயிலா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா துணியப் போட்டு இழுத்துட்டே இருந்தா ஊடு சுத்தமாகுமா? நல்லாத் தண்ணி ஊத்திக் கழுவியுடு.”

“ஆசாரி வேண்டாம்னாருங்களே.”

“ஆசாரி ஊடா இது? அவரு வந்து வெளக்கேத்துவாரா?”

மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. அம்மா கழுவினாள். அடுத்த வெள்ளியும் அதற்கடுத்த வெள்ளியும் கழுவினாள். கார்த்திகை பிறந்தபோது ஒவ்வொரு பலகையும் ஓரம் தூக்கி, நடுவில் குழிந்து, தரை முழுக்க மல்லாத்திப் போட்ட ஓட்டு வரிசை போல ஆகிவிட்டது.

“யாரு தண்ணி ஊத்துனது?” என்றார் முதலாளி. அம்மா முதலாளியம்மாவைப் பார்த்தாள்.

“என்னைய எதுக்குப் பாக்கறே? நானா ஊத்தச் சொன்னேன்?”

“நீங்க சொல்லித்தானுங்க...” என்று ஆரம்பித்த அம்மா, அந்த முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

முதலாளி கெட்டவர் என்று சொல்லமாட்டேன். படியில் நின்ற என்னைக் கூப்பிட்டு, குனிந்து, “கண்ணு, நீ இங்கதான இருப்பே? மொதலாளியம்மா சொல்லித்தான் ஊத்துனாங்களா? பயப்படாமச் சொல்லு” என்று கேட்டார். வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட “உள்ளேன் ஐயா” தொண்டையிலேயே நின்றுவிடுகிற பையன் நான். தூக்கி நின்ற பலகை ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்தபடி நின்றேன். அந்த ஓரம் இன்னும் என் விரலில் இருக்கிறது.

“பாத்தீங்களா, பையனே வாயத் தொறக்கல” என்றார் முதலாளியம்மா.

அன்று மாலையே ஆசாரி வந்து, மண்டியிட்டுத் தடவிப் பார்த்தார். “இழைக்க வேண்டாமுங்க, பேத்தெடுக்கவும் வேண்டாமுங்க. பங்குனி வரைக்கும் பொறுத்துக்குங்க. ஈரம் போனா மரம் தானாப் படுத்துக்கும்.”

“பொறுத்துக்கறேன்” என்றார் முதலாளி. எங்களை மறுநாள் சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கொண்டார்.

பொள்ளாச்சியில் மாமா வேலை பார்த்த, தேங்காய் உலர்த்தும் கொப்பரைக் களத்துக்குப் போனோம். அரையாண்டுப் பரீட்சை நான் எழுதவில்லை. தை பிறந்ததும் பள்ளியில் சேர்த்துவிடுவதாக மாமா சொன்னார். தை பிறந்தபோது நான் கொப்பரை புரட்டப் பழகியிருந்தேன்.

சித்திரையில் ஏதோ வேலையாகப் பொள்ளாச்சி வந்த ஆசாரி எங்களைத் தேடிக்கொண்டு களத்துக்கு வந்தார். “பலகை படுத்துக்கிச்சு அம்மணி. கை வெச்சுத் தடவுனாத்தான் மேடு பள்ளம் தெரியும். அந்த ஊட்டம்மா உன்னைய வரச் சொல்லுச்சு.”

“எதுக்குங்க, மறுக்காத் தண்ணி ஊத்தறதுக்கா?” என்றாள் அம்மா. ஆசாரி சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை; முறத்தை எடுத்துக்கொண்டு வெயிலுக்குள் போய்விட்டாள்.

நான் ஏன் பேசவில்லை என்று அம்மா சாகும்வரை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். “ஆமாங்க, மொதலாளியம்மாதான் சொன்னாங்க” என்று கொப்பரை புரட்டுகிறபோது எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். தடங்கலில்லாமல் வருகிறது.

போன மாதம் கண் காட்டக் கோயமுத்தூர் போனபோது அந்தத் தெருவுக்குள் நடந்தேன். வீடு இல்லை, பின்கட்டு இல்லை. அந்த இடத்தில் கண்ணாடி வைத்த நகைக்கடை. உள்ளே வெள்ளை டைல்ஸ் மேல் ஒரு பெண் பக்கெட்டுத் தண்ணீரை அப்படியே ஊற்றித் தள்ளிக்கொண்டிருந்தாள். அந்தத் தரைக்கு ஒன்றும் ஆகாது.

வாசலில் நின்ற காவலாளி, “ஏனுங்க, யாரப் பாக்கோணும்?” என்று மரியாதையாகத்தான் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.