கீழகுயில்குடிக்குப் போகும் வழி

லைசென்ஸ் எடுத்துப் பல வருடம் ஆகியும் காரில் விஜயத்தின் இடம் இடப்பக்கம்தான். ஸ்டீயரிங்கும் வழியும் அவள் கணவர் அனந்தராமன் பொறுப்பு. போன ஐப்பசியில் அவர் தவறிவிட்டார். காரியங்கள் முடிந்து உறவுகள் கிளம்பிய பிறகு, தல்லாகுளம் வீட்டு வாசலில் அந்தக் கார் தூசி படிந்து நின்றது. அவருடைய தம்பி சாய்ராம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"மன்னி, வண்டியை நான் எடுத்துண்டு போறேன். உங்களுக்கு எங்க போகணும்னாலும் ஒரு போன் பண்ணுங்கோ, வந்து கூட்டிண்டு போறேன்."

"எனக்கு ஓட்டத் தெரியும், சாய்ராம்."

"ஓட்டுவேள். வழி? உங்களுக்கு ஆபீஸும் கோவிலும் தவிர எது தெரியும்?"

"அதான் வண்டியிலேயே ஜி.பி.எஸ். இருக்கே."

சாய்ராம் சிரித்துவிட்டான். சிரிப்பில் நியாயம் இருந்தது. கார் செகண்ட் ஹேண்ட். முன்பலகையில் பதித்திருந்த அந்தத் திரைக்கு ஊரின் பழைய உருவம்தான் தெரியும். புது நான்கு வழிச்சாலையில் ஏறினால் அம்புக்குறி வயலுக்குள் போய் நிற்கும். உள்ளே பேசும் பெண், திரும்பு திரும்பு என்று இங்கிலீஷில் கெஞ்சுவாள். "இவ இன்னும் நம்ம ஊருக்கே வரலை" என்று அனந்தராமன் அவள் வாயை அடைத்துவிடுவார்.

விஜயம் யோசித்துச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை என் ஆபீஸ் முத்துத்தாய் கீழகுயில்குடியில கிரகப்பிரவேசம் வச்சிருக்கா. யாரையும் வழி கேக்காம தனியா போய்ட்டு வரேன். வந்துட்டா நீ வண்டிப் பேச்சை எடுக்கப்படாது."

"வரலைன்னா?"

"சாவியை நீயே வச்சுக்கோ."

மறுநாளே கார் ஸ்டீரியோ கடை வைத்திருந்த காசிமாயனிடம் போனாள். சென்னையிலிருந்து புது மேப் டிஸ்க் வந்து சேரச் சனிக்கிழமை ஆகிவிட்டது.

"மேப் ஏறி முடியிற வரைக்கும் எஞ்சினை அணைச்சுறாதீங்க மாமி. பாதியில நின்னா பழசும் போயிரும், புதுசும் போயிரும்" என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த வண்டிக்குப் போனான்.

விஜயம் வேப்பமர நிழலில், ஓடாத காரை ஓட வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஆட்டோக்காரர் பொறுக்கமாட்டாமல் எட்டிப் பார்த்தார்.

"யாருக்கு மாமி காத்திருக்கீக?"

"மதுரைக்கு. இப்பத்தான் பாதி வந்திருக்கு."

அவர் ஏதும் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போனார்.

முழு ஊரும் ஏறியதும் அவள் ஊர்ப்பெயரை இங்கிலீஷில் அடிக்கத் தொடங்கினாள். கே, இ, இ. அடுத்து ழ-வுக்கு இசட்டைத் தொட்டாள். எழுத்து மங்கிக் கிடந்தது. எத்தனை அழுத்தியும் அசையவில்லை. ஒரு இ-யை எடுத்துவிட்டுப் பார்த்தாள். ஐ போட்டுப் பார்த்தாள். காசிமாயனும் வந்து பார்த்தான்.

"அந்த ஊரை விட்டுட்டாய்ங்க போல மாமி. டிஸ்க்க திருப்பி அனுப்பிப் பாப்பமா?"

அதற்கு அடுத்த வாரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை நாளைக்கு. சாய்ராமின் சிரிப்பு இப்போதே காதில் கேட்டது. அந்த நேரம் பார்த்து முத்துத்தாய் போனில் வந்தாள்.

"அக்கா, நாளைக்கு மறந்துறாதீங்க."

"உங்க ஊர் இந்த மேப்லயே இல்லடி."

"அது எப்பிடிக்கா இல்லாமப் போகும்? சமணர் மலை அம்புட்டுப் பெருசா நிக்கிது. கீளகுயில்குடிய அறியாதவுக யாரு இருக்கா?"

"கீள இல்லடி, கீ..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். ஆபீஸில் அவளுக்கு 'ழகர வக்கீல்' என்று பெயர். 'வாளப்பழம்' என்று யாராவது சொன்னால் பழத்தை வாங்காமல் திருத்துவாள். இத்தனை நேரமும் இசட்டை அழுத்தி அந்த மெஷினுக்கும் அதே பாடத்தைத்தான் நடத்திக்கொண்டிருந்தாள். திரையைப் பார்த்தாள். இசட் மங்கியிருந்தது, எல் பளிச்சென்று எரிந்தது. தொட்டாள். முழுப் பெயரும் தானாக வந்து நின்றது.

"முத்துத்தாய், நீ சொல்றதுதான் சரி."

"நான் என்னக்கா சொன்னேன்?"

ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் நின்ற சாய்ராமைத் தாண்டிக் காரை வெளியே எடுத்தாள். பாலத்தில் ஒரு பஸ் பின்னாலிருந்து ஹாரனால் விரட்டியது. காளவாசலில் இரண்டு தடவை வண்டி அணைந்தது. பைக்கில் வந்த ஒருவன் ஏதோ சொல்லிவிட்டுப் போனான். விஜயம் கியரை மாற்றினாள். தேனி ரோட்டில் நான்கு வழிச்சாலை வந்தபோது திரையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். இந்தத் தடவை அம்புக்குறி வயலுக்குள் போகவில்லை, ரோட்டிலேயே நின்றது. இடதுபக்கம் திரும்பச் சொன்ன இடத்தில் உண்மையாகவே ரோடு இருந்தது. திரும்பினாள். கண்ணாடி முழுக்க மலை வந்து நிறைந்தது.

"கூட யாருக்கா வந்தா?" என்று முத்துத்தாய் பின்சீட்டை எட்டிப் பார்த்தாள்.

"யாரும் வரலை."

பால் காய்ச்சிச் சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு அவள் திரும்பியபோது சாய்ராம் இன்னும் வாசலில்தான் இருந்தான். காரைச் சுற்றி வந்து பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை. ஏமாற்றமா நிம்மதியா என்று அவன் முகத்தில் தெரியவில்லை.

"வழி கேக்கவே இல்லையா?"

"கேக்கலை."

டயரைக் காலால் தட்டிப் பார்த்தான். பிறகு, "அடுத்த வாரம் அழகர்கோவிலுக்குப் போகலாம்னு ஆத்துல சொல்லிண்டிருக்கா" என்றான். "நீங்க ஓட்டறேளா, மன்னி?"

"ஓட்டறேன். நீ இடதுபக்கம் உக்காந்துக்கோ. வழி மட்டும் சொல்லப்படாது."