அக்கா மாற்றிச் சொன்ன கதை

அக்கா என் அப்பாவின் முதல் மனைவிக்குப் பிறந்தவள். நான் இரண்டாம் மனைவிக்கு. ஏற்காட்டுக்கு அருகே ஒரு காப்பி எஸ்டேட்டில் அப்பா கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். எழுபதுகளின் தொடக்கம் அது. நான் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனேன். அக்காவைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். சமைப்பதும் துவைப்பதும் அவள்தான். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் தோட்ட வேலைக்கும் போவாள்.

என் அம்மா அவளை அடித்ததில்லை. ஆனால் நாங்கள் சாப்பிட்டு முடித்த பிறகு சட்டியில் ஒட்டியிருப்பதுதான் அவளுக்கு. தலையில் பேன் என்று சொல்லி ஒருநாள் அவளுடைய நீண்ட கூந்தலை ஒட்ட வெட்டிவிட்டாள். அப்பா வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார்.

பள்ளியில் டீச்சர் ஒரு கதை சொன்னார். மாற்றாந்தாயிடம் வேலைக்காரிபோல் கிடந்த பெண்ணுக்குக் கண்ணாடிச் செருப்பு கிடைக்கிறது, இளவரசன் வந்து கூட்டிப்போகிறான். அக்கா மாவாட்டிக்கொண்டிருக்கும்போது அதை அப்படியே சொன்னேன்.

"கண்ணாடியில செருப்புப் போட்டா ஒடயாதா கண்ணு?" என்று சிரித்தாள். பிறகு கேட்டாள்: "அந்தப் புள்ளைக்கு அப்பன் இல்லியா?"

"இருந்தாராம்."

"இருந்து என்ன பண்ணுனாரு?"

டீச்சர் அதைச் சொல்லவில்லை.

அக்காவுக்கு வேறு மாதிரி தெரியும். மாரமங்கலத்துப் பெண்கள் பழம் பறிக்கும்போது சொன்னது. செத்துப்போன தாய் சுனையில் மீனாக வந்து மகளுக்குச் சோறு ஊட்டுகிறாள். மாற்றாந்தாய் அந்த மீனைப் பிடித்துக் குழம்பு வைத்துவிடுகிறாள். மகள் முள்ளைப் புதைக்கிறாள், அது மரமாகிறது, ராஜா வருகிறான். கடைசியில் மாற்றாந்தாயைச் சுண்ணாம்புக் காளவாயில் தள்ளுகிறார்கள். அக்கா மரத்தோடு நிறுத்திவிடுவாள்.

"காளவாயெல்லாம் எதுக்கு? அவளும் பாவம்" என்பாள்.

சில வருடங்களில் அவளை வாழவந்தியில் மனைவியை இழந்த ஒரு விவசாயிக்குக் கட்டிவைத்தார்கள். அவருக்கு மூன்று வயதில் ஒரு பெண். அடுத்த முறை பார்த்தபோது அக்காவின் முகமே மாறியிருந்தது. "ராத்திரியானா என்னக் கட்டிப்புடிச்சுட்டுத்தான் தூங்குது கண்ணு" என்றாள். தனக்கென்று ஒரு குழந்தை பிறக்காததைப் பற்றி அவள் வருந்தியதே இல்லை.

அந்தப் பிள்ளைக்கும் மீன் கதையைச் சொன்னாள், இன்னும் கொஞ்சம் மாற்றி. அவள் கதையில் மீன் மகளிடம் சொல்லும்: "நான் தண்ணிக்குள்ள போறேன் சாமி. உன்ற சின்னம்மா வந்திருக்கா. இனி அவ கையில சாப்புடு."

பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்தது. அங்கே யாரோ முழுக் கதையையும் சொல்லியிருக்கிறார்கள். "உன்ற ஊட்லயும் அப்படித்தான?" என்று கூடப் படிக்கும் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். அன்று மாலை அது அக்கா வைத்த தட்டைத் தள்ளிவிட்டது. அக்கா அதே தட்டிலிருந்து ஒரு வாய் தின்று காட்டினாள். அப்போதும் தொடவில்லை.

"எங்கம்மாவ நீங்கதான குழம்பு வெச்சீங்க?" என்று கேட்டதாம்.



பிள்ளை இளைத்துப்போனது. பெற்றவள் வீட்டார் சேலத்திலிருந்து வந்தார்கள். "மாத்தாந்தாய் கையில வேற எப்படி இருக்கும்?" என்று ஊர் கேட்கச் சொல்லி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். புருஷன் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். திருவிழா, பொங்கல் என்று அக்கா பலகாரம் கொடுத்தனுப்புவாள். பதில் வராது.

தொண்ணூறுகளில் அந்தப் பெண்ணுக்குச் சேலத்தில் கல்யாணம். பத்திரிகை அப்பன் பேருக்கு மட்டும் வந்தது. அவர் அப்போது படுக்கையில் கிடந்ததால் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். மேடையேறி, மடியில் கட்டி வைத்திருந்த கம்மலைப் பெண்ணின் கையில் கொடுத்தாள். இது யார் என்று மாப்பிள்ளை கேட்டார்.

"எங்க ஊருக்காரங்க" என்றது பெண்.

அக்கா இருவரையும் வாழ்த்தினாள். பந்தியில் உட்கார்ந்து, கூட்டமெல்லாம் பார்க்க, நன்றாகவே சாப்பிட்டாள். மலையேறும் பஸ்ஸில், "புள்ள நொம்ப அழகா இருக்குது, பாத்தியா?" என்று மட்டும் கேட்டாள்.

ஏற்காட்டில் இறங்கி வாழவந்தி பஸ்ஸுக்காக நின்றோம். அங்கேதான் அவளுக்கு அழுகை வந்தது. வாயில் முந்தானையை வைத்து அடைத்தும் நிற்கவில்லை. கடைக்காரர் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து, "ஏனுங்க, ஏதாவது துக்கமுங்களா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன். பஸ் வந்தது, கண்டக்டர் கூப்பிட்டுப் பார்த்தார். நாங்கள் ஏறவில்லை.