கிளிநொச்சியில் நிற்காத கார்

கராஜில் வேலை செய்கிறவர்களுக்கு ஓடாத காரைக் கண்டு பயமில்லை. ஓடாது என்று சொல்லி விட்டுவிட்டுப்போன பிறகு நன்றாக ஓடுகிற காரைக் கண்டால்தான் பயம். அந்தப் பயத்தை அனுபவித்தவர்கள் என்னோடு வந்து உட்காருங்கள்.

கழற்றித் தந்த திறப்பு

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் பெற்றவள் நான். வாகனத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, கிளிநொச்சியில் ரூபன் அண்ணையின் கராஜில் சேர்ந்து மூன்றாம் மாதம் அந்தக் கார் வந்தது. ஜெர்மன் சொகுசுக் கார், வயது இருபத்தைந்துக்கு மேல். தோல் இருக்கைகள், மர வேலைப்பாடு, உள்ளே மெல்லிய மீன் வாசம். உரிமையாளர் அந்தோனிப்பிள்ளை ஐயா, முல்லைத்தீவில் நாலு படகு வைத்திருக்கிற சம்மாட்டி. ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடுகிறது, திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் ஒன்றும் நடக்காததுபோல ஓடுகிறது என்றார். மூன்று கிழமையில் மகளுக்குக் கலியாணம். பெண் இந்தக் காரில்தான் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போக வேண்டும்.

அவர் கையில் பெரிய சாவிக்கொத்துப்போல ஒரு திறப்புக் கோர்வை இருந்தது. அதிலிருந்து கார்த் திறப்பை மட்டும் கழற்றித் தந்தார். மிச்சத்தை நான் பார்ப்பதைக் கண்டுவிட்டு, "கோயில் கதவின்ரை திறப்பும் இதிலதான் பிள்ளை. அப்பா காலத்திலயிருந்து எங்கடை பொறுப்பு. வேற ஆக்களின்ரை கையில குடுக்கிறேல்லை" என்றார்.

நாலு நாள் ஓட்டம்

நாலு நாள் அந்தக் காரை நான் ஓட்டினேன். பரந்தன் வரை, இரணைமடு வரை, கொதிக்கிற மதிய வெயிலில் ஏசியைப் போட்டுக்கொண்டு. அது ஒருமுறைகூட நிற்கவில்லை. கணினியைக் காரோடு இணைத்துப் பார்த்தால் அதிலும் ஒரு குறையும் இல்லை. பழைய கார்களில் எஞ்சின் சுற்றுவதை அளக்கும் சென்சர் சூட்டில் மயங்குவதுண்டு. அதை மாற்றிவிட்டு, "இதுதான் எண்டு நினைக்கிறன் ஐயா" என்று சொல்லி அனுப்பினேன். பொய் சொல்லக்கூடாது என்றுதான் 'நினைக்கிறன்' என்ற சொல்லைச் சேர்த்தேன்.

அடுத்த நாள் காலையில் முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தின் நடுவில் கார் நின்றுவிட்டதாக போன் வந்தது. பின்னால் இரண்டு பஸ். போனை வைத்துவிட்டு ரூபன் அண்ணை அமைதியாகச் சொன்னார்: "நினைக்கிறன் எண்டதைக் கோயிலில போய்ச் சொல்லும் தங்கச்சி, கராஜில சொல்லாதையும்."

அம்மாவின் யோசனை

கார் இரண்டாம் முறை வந்தபோது எரிபொருள் பம்பை மாற்றினேன். வயர் வயராகத் தடவிப் பார்த்தேன். கார் கிளிநொச்சியில் அழகாக ஓடி, முல்லைத்தீவில் போய் நின்றது. கலியாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். தர்மபுரத்தில் வீட்டுக்கு வந்து, வேலையை விடுவதாக ஒரு கடிதம் எழுதினேன். 'தகுதியின்மை' என்ற சொல்லை இரண்டுமுறை வெட்டித் திருத்தினேன்.

அம்மா மலைநாட்டில் பிறந்து, இங்கே வந்து கச்சான் கடலை பயிரிடுகிறவர். கடிதத்தை வாங்கி மடித்து அலுமாரிக்குள் வைத்தார். "நாலு வருசம் படிச்ச புள்ளைய ஒரு வண்டி அழ வைக்குதுன்னா, அத வித்துப்புட்டு அந்தக் கல்யாணப் பொண்ண பஸ்ல போகச் சொல்லு."

பாலத்தில் கண்டது

காரை நான் ஓட்டினால் நிற்பதில்லை, அவர் ஓட்டினால் நிற்கிறது. அப்படியென்றால் அவர் ஓட்ட நான் பக்கத்தில் இருக்க வேண்டும். இதை யோசிக்க எனக்கு இரண்டு கிழமை எடுத்தது.

முல்லைத்தீவுக்குப் போனேன். ஐயா காரில் ஏறித் திறப்பைப் போட்டார். அதோடு முழுக் கோர்வையும் தொங்கியது: சாண் நீளத்தில் கோயிலின் இரும்புத் திறப்பு, வலைக் கொட்டில், ஐஸ் பெட்டி, படகு எஞ்சின்கள் எல்லாவற்றின் திறப்புகளும், ஒரு செபமாலை. பாலத்தின் முதல் பள்ளத்தில் கோர்வை ஆடியது. இரண்டாம் பள்ளத்தில் எஞ்சின் நின்றது. அடுத்தமுறை கோர்வையை என் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டேன். பாலம் முழுக்க ஓடினோம், நிற்கவில்லை. திரும்பி வரும்போது கையை எடுத்தேன், நின்றது. இத்தனை வருடப் பாரத்தில் திறப்புப் போடுகிற சுவிட்ச் தளர்ந்துபோயிருந்தது. எங்களிடம் வருகிறபோதெல்லாம் அந்தப் பாரத்தை அவரே கழற்றிவிட்டுத்தான் தந்தார்.

பழைய சென்சரும் பம்பும் நல்லவைதான், நான்தான் தேவையில்லாமல் மாற்றினேன் என்று சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கோர்வையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "கோயில் திறப்பாலதான் கார் நிண்டது எண்டு சுவாமியாரிட்டை நான் எப்பிடிப் பிள்ளை சொல்லுறது?"

கலியாண நாள்

புதுச் சுவிட்ச் போட்டோம். இனிக் கார்த் திறப்பில் ஒரு ஊசிகூடத் தொங்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். கலியாணத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கோயில் வாசலில் நின்று பாலத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். கார் நிற்காமல் வந்து சேர்ந்தது. அப்போதுதான் சுவாமியார் கோயில் கதவைக் காட்டினார். முதல்நாள் பின்னேரம் உள்ளே பூச்சோடனை முடித்துவிட்டு ஐயா பூட்டிய பூட்டு அப்படியே இருந்தது. நான் சொன்னபடி கழற்றிவைத்த கோர்வை பாலத்துக்கு அந்தப் பக்கம், வீட்டு மேசையில்.

சனம் முழுக்க என்னைப் பார்த்தது. ஐயா கார்த் திறப்பை என் கையில் வைத்தார். "நீரே போய் எடுத்துக்கொண்டு வாரும் பிள்ளை. வேற ஆரிட்டையும் குடுக்காதையும்." வெள்ளைச் சேலை கசங்கும் என்று பெண் இறங்க மறுத்துவிட்டாள். அவளைப் பின்னால் வைத்துக்கொண்டே போய், கோர்வையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். பாலத்தின் ஒவ்வொரு பள்ளத்திலும் எஞ்சின் சத்தத்தை எண்ணினேன். அது நிற்கவில்லை. கடைசிப் பள்ளம் தாண்டிய பிறகுதான் பின்னாலிருந்து குரல் வந்தது: "அப்பாவின்ரை காரைத் திருத்தப்போய்க் கோயிலைப் பழுதாக்கிப்போட்டீங்கள் அக்கா."

இப்போது எந்தக் கார் வந்தாலும் திறப்பைக் கோர்வையோடுதான் வாங்குகிறேன். என்ன பழுது என்று கேட்டால் மட்டும், ரூபன் அண்ணை பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, இன்னமும் "நினைக்கிறன்" என்றுதான் தொடங்குகிறேன்.